நீலவேணி சரி என்ற அத்தியாயம்

அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள்:

அனந்தலக்ஷ்மி மாமி. பாலிகஞ்சில் அந்த மூன்றாம் மாடி ஃபிளாட் அவளுடையது. கண்ணில் புரை. படிக்க முடியாது, கேட்பாள்.

மேக்னா. மாமியின் மருமகள், வங்காளிப் பெண். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

குருபிரசாத். ரயில்வேயில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயது. மனைவி போய் ஒன்பது வருஷம். சால்ட் லேக்கில் தனியாக இருக்கிறார்.

சாவித்திரி, என் அம்மா. ஐம்பத்தொன்பது. அப்பா இறந்து பதினோரு வருஷம்.

நான், தேவிப்ரியா. முப்பத்து மூன்று. உரக்கப் படிக்கிறவள் நான்தான்.

இந்த ஐந்து பேர்தான் வங்காளத்தில் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டம். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூடுவோம். இரண்டு அத்தியாயம் படிப்போம், மாமி வார்க்கும் அடையையோ மேக்னா வாங்கி வரும் சிங்காரா என்கிற வங்காள சமோசாவையோ தின்றுவிட்டுக் கலைவோம். முன்னால் போய்ப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

இவர்களில் இரண்டு பேர் அடுத்த வெள்ளிக்கிழமை அலிப்பூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். என் அம்மாவும் குருபிரசாத்தும். நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் முடிந்திருந்தது. மூன்று சாட்சிகள் வேண்டும். மாமி ஒன்று, மேக்னா ஒன்று. மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"நீ போடலேன்னா நான் போகல. வேற ஆளையும் தேட மாட்டேன்" என்றாள். அழவில்லை, மிரட்டவில்லை. கறிகாய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. வட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் பேசமாட்டார்கள். மாமி மட்டும் எனக்கு அடையைப் போடும்போது ஒன்று கூடுதலாகப் போட ஆரம்பித்திருந்தாள்.

எனக்கு குருபிரசாத்தின் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. பிரியமும் இல்லை. நான் படிக்கும்போது தன் சொந்தப் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரலை ஓட்டுவார், ஏதோ வண்டி வரும் நேரத்தைச் சரிபார்ப்பதைப் போல. அது எனக்கு எரிச்சல். ஆனால் நான் கையெழுத்துக்குச் சம்மதிக்காததற்கு அது காரணம் இல்லை.

காரணம் இது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஏழு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் யாராவது காரை இடித்துக்கொண்டால் அதற்கான இன்ஷூரன்ஸ் பேப்பரைப் பார்க்கிற வேலை. பிப்ரவரி இருபதாம் தேதி ஷிஃப்டின் நடுவில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். உண்மையில் அந்த நாற்காலியில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா வேலை பார்த்தது ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில்; பென்ஷன் கிடையாது. அம்மா நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். வீடு ஓடியது என் சம்பளத்தில். பிப்ரவரியில் அது நின்றது. மே மாதம் அம்மா கல்யாணம் என்கிறாள். மாப்பிள்ளை ரயில்வே பென்ஷன்காரர்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை வேண்டாம். நான் வேலையை விட்டதால் அம்மா தன்னைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் ஒப்படைக்கிறாள். அதற்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்போது நாங்கள் படித்துக்கொண்டிருந்தது 'நீலவேணியின் சம்மதம்'. சுதந்திரத்துக்கு முன்னால் எழுதிய நாவல். கும்பகோணத்துப் பெண் நீலவேணி, ரங்கூனுக்குப் போன கல்யாணராமனுக்காக நாலு வருஷம் காத்திருக்கிறாள். பக்கத்துத் தெருவில் சபேசன் என்று உப்பு இலாகா குமாஸ்தா ஒருவர். மனைவியை இழந்தவர், காது பெரிது, மழையைத் தவிர வேறு பேசத் தெரியாது. கடைசியில் நீலவேணி சபேசனைக் கட்டிக்கொள்கிறாள். கதை இவ்வளவுதான். ஏன் கட்டிக்கொண்டாள் என்பதுதான் சண்டை. எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்குப் பதினேழு வயது.

முதலில் படித்தபோது எனக்குப் பதினாறு. நீலவேணியை வெறுத்தேன். ரங்கூனிலிருந்து கடிதம் வருகிறது, 'எனக்கு இங்கே கல்யாணம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு' என்று. அதைப் படித்துவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போகிறாள். அடுத்த அத்தியாயத்தில் கிணற்றடியில் சபேசன் கேட்கிறார், இவள் 'சரி' என்கிறாள். ஒருத்தன் கைவிட்டதும் கிடைத்தவனைப் பிடித்துக்கொள்கிறாளே என்று புத்தகத்தை வீசினேன். அம்மா எடுத்து வைத்துவிட்டு, "அவளுக்கு சபேசனைப் பிடிச்சிருந்ததுடி" என்றாள்.

இருபத்து நாலில் மறுபடி படித்தேன். அப்போது எனக்கே ஒரு கல்யாணராமன் இருந்தான். பெயர் ஜெயந்த். டொராண்டோ போனவன் இரண்டு வருஷம் கழித்து மெயில் போட்டான். இந்த முறை நீலவேணியை வெறுக்கவில்லை, பரிதாபப்பட்டேன். வேறு வழியில்லாமல் 'சரி' சொன்னவள் என்று தீர்மானித்தேன். அதே வருஷம் ஜாதகம் பொருந்தி ஒரு வரன் வந்தது. சாது, பேங்கில் வேலை, சிரித்தால் பார்க்க நன்றாகவே இருப்பான். நீலவேணியாக மாட்டேன் என்று வேண்டாம் என்றேன். அம்மாவிடம் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன். "நீ அந்தக் கதையைத் தப்பாப் படிக்கறே" என்றாள். "நீ உன் சௌகரியத்துக்குப் படிக்கறே" என்றேன்.

அந்தத் தடவை ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் எழுதினேன். கடித அத்தியாயத்தில், கூடத்து ஆணியில் தொங்கும் சபேசனின் குடையை நீலவேணி பார்ப்பதாக ஒரு வரி வருகிறது. ஆனால் சபேசன் குடையைக் கிணற்றடியில் விட்டுப்போவதும், அவள் எடுத்து மாட்டுவதும் அடுத்த அத்தியாயத்தில்தான். 'குடை எப்போது வந்தது? எழுத்தாளர் மறந்துவிட்டார்' என்று எழுதினேன். பெரிய எழுத்தாளரின் தப்பைப் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இந்த வருஷம் வட்டத்துக்காக மூன்றாவது தடவை. இப்போது வெறுப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. நீலவேணியின் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இல்லை என்பது மட்டும் கண்ணில் பட்டது. அது என் வீட்டுக் கதையாகத் தெரிந்தது. உரக்கப் படிக்கவே கூசியது.

நான் படித்த பிரதி அச்சுப் புத்தகம் அல்ல. அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு வாரப் பத்திரிகை அந்த நாவலை மறுபடி தொடராகப் போட்டது. மெட்ராஸ் மெயிலில் வந்து, லேக் மார்க்கெட் கடையில் இரண்டு நாள் தாமதமாகக் கிடைக்கும். அம்மா வாரா வாரம் படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்தாள். முடிந்ததும் அப்பா கட்டை எடுத்துப்போய் காலேஜ் தெருப் பக்கம் ஒரு கடையில் பைண்ட் செய்து வந்தார். சிவப்புக் காலிகோ அட்டை. அதற்குப் பிறகு அம்மா அதைத் துடைத்து வைத்திருக்கிறாள், கேட்டவர்களுக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். மறுபடி படித்ததில்லை. ஏற்கெனவே படித்த கதைதானே.

அந்த ஞாயிறு கடித அத்தியாயம். நான் படித்தேன். மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிற இடத்தில் மேக்னா, "ஈஷ்" என்று மெல்ல இரக்கப்பட்டாள். முடித்து நிமிர்ந்தால், குருபிரசாத்தின் விரல் பக்கத்தில் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இது இங்கே வராது" என்றார்.

என்ன வராது என்று கேட்டேன்.

"இந்தக் கடிதம். கிணத்தடி முதல்ல. கடிதம் அதுக்கப்புறம். நீ ஒண்ணைத் தாண்டிட்டே."

தாண்டவில்லை என்று என் பக்கத்தைக் காட்டினேன். அவர் தன் புத்தகத்தைக் காட்டினார். சென்னையில் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புதுப் பதிப்பு. அதில் இருபத்தொன்பது கிணற்றடி, முப்பது கடிதம். என்னுடையதில் எண்ணே இல்லை. பத்திரிகையில் எண் படத்துக்கு மேலே ஓரத்தில் இருந்திருக்கிறது. பைண்டர் விளிம்பைச் சீராக வெட்டியதில் எண் முழுக்கப் போயிருந்தது. கீழே இருந்த பக்க எண்கள் வாரா வாரம் பத்திரிகைக்கு ஏற்றபடி மாறுகிறவை. அவற்றை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கட்டு எங்கேயோ அவிழ்ந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து தெரியாத வங்காளி பைண்டர் கைக்கு வந்தபடி அடுக்கித் தைத்துவிட்டான். ஒரு அத்தியாயத்தில் நடந்ததை மற்றது எங்கேயும் குறிப்பிடவில்லை. குடை ஒன்றைத் தவிர.

அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் வாரா வாரம் சரியான வரிசையில் படித்தவள். நானோ பைண்டர் தைத்த வரிசையில் படித்தவள். பதினேழு வருஷமாக இரண்டு வேறு கதைகளை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

"அப்போ ப்ரியாதி," என்றாள் என்னை வங்காளியில் அக்கா போட்டே கூப்பிடும் மேக்னா, "இந்தப் பொண்ணு சரி சொல்லும்போது ரங்கூன்காரன் வர மாட்டான்னு அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"அவன் வருவான்னு நினைச்சுக்கிட்டே இவனுக்கு சரி சொன்னாளா? தாருண், பிரமாதம்."

மாமி கண்ணைத் திறக்காமல், "குருபிரசாத், அந்தப் புஸ்தகத்தை மூடுங்கோ. இத்தனை நாள் கழிச்சு வந்து குட்டையைக் கலக்கறேள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த அத்தியாயத்தை, அதாவது முந்தைய அத்தியாயத்தை, படித்தேன். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. அதே கிணறு, அதே வாளி, அதே பெரிய காது. ஆனால் 'சரி' என்கிறவள் வேறு யாரோ. எதையும் இழக்காதவள். நாலு வருஷம் காத்திருந்தது போதும் என்று அவளாகவே முடிவு செய்தவள். அதற்குப் பிறகு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவள் பாலைப் பார்க்கப் போனது மரத்துப்போய் அல்ல. அவளுக்குப் பாலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அம்மா கீரை வாங்கினாள். கீரைக்காரியிடம் வங்காளியில் பேரம் பேசி முடிக்கும் வரை காத்திருந்து கேட்டேன்.

"நீ எப்போ முடிவு பண்ணினே?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"நீ வேலையை விடறதுக்கு முன்னாடி" என்றாள். "ஒரு மாசம் முன்னாடி."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்போ சொல்றது? நீ கார்த்தால ஏழு மணிக்கு வருவே, பிரேதம் மாதிரி. சாப்டுட்டுப் படுப்பே. எழுந்துக்கறச்சே ஆபீஸ் கார் வந்து நிக்கும். கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு ஃபிரிட்ஜ்ல சீட்டு ஒட்டி வைக்கச் சொல்றியா? அப்புறம் நீ வேலையை விட்டுட்டு வந்தே. அப்போ சொன்னா நீ இப்படித்தான் நினைப்பேன்னு தெரியும். கொஞ்சம் தேறட்டும்னு இருந்தேன்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்காகப் பொய் சொல்லக்கூடியவள்தான் அம்மா. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடமும் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று கீரைக்கட்டை என்னிடம் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சால்ட் லேக் போனேன். பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். ஏழு வருஷம் அந்தப் பக்கம் போனேன், வெளிச்சத்தில் பார்த்ததில்லை. மரங்கள் நிறைய இருக்கின்றன. குருபிரசாத்தின் ஃபிளாட் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன், அம்மா எப்போது முடிவு செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவள் சொல்வதை நம்ப முடியவில்லை, நீங்கள் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்று.

அவர் யோசித்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய் இந்த வருஷத்து டைரியை எடுத்து வந்தார். "நாப்பது வருஷம் கன்ட்ரோல் ரூம்ல எழுதின பழக்கம். எது எப்போ நடந்ததுன்னு போட்டுடுவேன். எனக்குன்னு எழுதினது, அழகா இருக்காது" என்று மேஜை மேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

புரட்டினேன். பெரும்பாலும் மழை, மருந்து, தாமதமான லோக்கல் வண்டிகள். ஜனவரி பதினொன்று, ஞாயிறு:

'வாசிப்பு 11 மணி. அத். 3, 4. சாவித்திரி படிக்கட்டில் கேட்டாள், நாம் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பாலிகஞ்ச் லோக்கல் 22 நிமிஷம் லேட்.'

ஜனவரி பதினெட்டு, ஞாயிறு:

'வாசிப்பு 11 மணி. அத். 5, 6. சரி என்றேன். வண்டி நேரத்துக்கு வந்தது.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு பிப்ரவரி இருபதைத் தேடினேன். 'பல் டாக்டர்' என்று மட்டும் இருந்தது. இருபத்து மூன்றில், 'சாவித்திரி போன். பெண் வேலையை விட்டுவிட்டாள். கொஞ்ச நாள் பொறுப்போம் என்றாள். சரி என்றேன்.'

அவர் கேட்டிருப்பார், அம்மா தலையை ஆட்டியிருப்பாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யார் கேட்டது என்று நான் கேட்டதே இல்லை. நான் தூக்கக் கலக்கத்தில் கீழே ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, மேலே மாமி வீட்டில் அடைச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்த என் அம்மா படிக்கட்டில் நின்று ஒரு ஆளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் ஒரு வாரம் யோசித்திருக்கிறார்.

காபி வந்தது. சுமார்தான். ஒரு வாரம் எதற்கு என்று கேட்டேன்.

"தனியா இருந்து பழகிடுத்து" என்றார். "காலம்பற ரேடியோவை சத்தமா வைப்பேன். அதையெல்லாம் விட முடியுமான்னு பாத்துண்டேன்."

"விட முடிஞ்சுதா?"

"உங்கம்மாகிட்ட கேட்டேன். சத்தமாவே வையுங்கோன்னா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, என்ன வேடிக்கை என்று அவருக்குப் புரியவில்லை. கிளம்பும்போது, சபேசனை அவர் எப்படிப் படித்திருக்கிறார் என்று கேட்டேன். சபேசன் ரொம்பப் பேசுகிறான் என்றார்.

வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் அம்மாவிடம் கேட்டேன். பன்னிரண்டுக்கு என்றாள். எந்தப் புடவை என்று கேட்டேன். நீ எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்டாள். சொன்னேன். டைரியைப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

முகம் சிவந்துவிட்டது. அறுபது வயதை எட்டப்போகிறவளுக்கு அப்படிச் சிவக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அதையெல்லாமா எழுதி வைப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "லோக்கல் எத்தனை நிமிஷம் லேட்டுன்னும் எழுதியிருப்பாரே" என்றாள். இருபத்திரண்டு என்றேன்.

வெள்ளிக்கிழமை அலிப்பூர் ஆபீசில் கூட்டம். எங்களுக்கு முன்னால் மூன்று ஜோடிகள், எல்லாம் இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களில் ஒரு பெண் மேக்னாவைக் கல்யாணப் பெண் என்று நினைத்துப் பூவைச் சரிசெய்துவிட்டாள். குமாஸ்தா பேப்பரை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சாட்சியாக, என்ன உறவு என்று கேட்டார். மாமி, தோழி என்றாள். மேக்னா, தோழியின் மருமகள் என்றாள். என் முறை வந்தபோது, மகள் என்றேன், வங்காளியில். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேனாவைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கோடு போட்ட இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போயிற்று. செல்லும் என்றார்.

மாமி வீட்டில் சாப்பாடு. நாலு மணிக்கு அம்மா பெட்டியை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். குருபிரசாத் கீழே டாக்ஸியில் இருந்தார்; மேலே வரவில்லை, அவரை அம்மா வரச்சொல்லவும் இல்லை. ஒரே பெட்டி. பாக்கியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கேஸை ராத்திரி மூடு, தண்ணி கார்த்தால ஆறு முதல் ஏழு வரைதான், பக்கத்து வீட்டு பௌதி அம்மாளிடம் ஒரு சாவி இருக்கு என்று வரிசையாகச் சொன்னாள். முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கும் எனக்கு எல்லாம் தெரியும். சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை எனக்கு ராஷ்பிகாரியில் ஒரு ஆபீசில் நேர்முகம் இருந்தது. பத்து மணி முதல் ஆறு மணி வரை வேலை. அதற்கான சல்வாரை இஸ்திரி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "தனியா இருந்துடுவியா?" என்றாள்.

"பாத்துக்கறேன். நீ?"

"நான் எங்கே தனியா?" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்ததுபோல ஒரு கணம் நின்றாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். வேண்டாம், கனமில்லை என்றாள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை. முதல் திருப்பத்தில் திரும்பிப் பார்க்காமலே, "உள்ளே பூட்டிக்கோடி" என்றாள்.

டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். அப்புறம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியை இரண்டு சுற்று சுற்றினேன்.